குழிக்குப் பக்கத்தில் நின்றவன்

கண்ணாடிக் கடையில் அவருக்கு வைத்த பெயர் மறதி மாஸ்டர். அளவெடுக்கப் போன வீட்டில் டேப்பை விட்டுவிட்டு வருவார். டேப்பை எடுக்கத் திரும்பிப் போனால் குடையை விட்டுவிட்டு வருவார். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பூட்டினோமா என்ற சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார். "மாஸ்டர், பூட்டு கழண்டு கையோட வந்துடப் போகுது" என்று எதிரே சைக்கிள் பழுதுபார்க்கிறவர் கத்துவார். இவரும் சிரிப்பார். ஆனால் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் போக மாட்டார்.

கண்ணாடியை மேஜைமேல் கிடத்திவிட்டால் மட்டும் ஆளே வேறு. அளவுகோலை வைத்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். சர்ரென்று ஒரு சத்தம் வரும். அது நடுவில் எங்கும் அறுபடாமல் வந்தால்தான் கண்ணாடி சொன்ன இடத்தில் உடையும். கீறலை மேஜை விளிம்புக்கு நேராக வைத்து லேசாக அழுத்துவார். ரொட்டியைப் பிட்ட மாதிரி இரண்டாகும். கையில் ஆபத்தான பொருள் இருக்கும்போதுதான் அவர் மனசு ஒரு இடத்தில் நிற்கும். அது ஏன் என்று அவரும் யோசித்ததில்லை, முதலாளியும் கேட்டதில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டும் வேலைக்கு மட்டும் தனியாகப் போக மாட்டார். துணைக்கு யாராவது வேண்டும் என்பார். கனமாக இருக்கும் போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் கனம் இல்லை. இன்னும் யாரும் குடிவராத வீட்டில், புதுப் பெயின்ட் வாடை அடிக்கிற அறையில், கண்ணாடியைச் சுவரில் ஏற்றி நிறுத்தித் துணியால் துடைக்கும்போது, அவருக்குப் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்தபடி. திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். பேய் என்று அவர் நினைத்ததில்லை. அவன் யாரென்று அவருக்குத் தெரியும். அவரேதான்.

சின்ன வயதில் வீட்டில் அவரைப் பம்பரம் என்பார்கள். வகுப்பில் உட்காரச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் இருப்பான். கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் ஜன்னலில் போகிற ஈயோடு போய்விடுவான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவ்வளவு பயம். அப்பா வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலில் நின்று வாந்தி எடுப்பான். "விளக்கை அணைச்சா மறுபடி எரியுமாம்மா?" என்று தினமும் கேட்பான். எரியும் என்று சொன்னால், "எரியலேன்னா?" என்பான்.

"நாள் பூரா குதிக்கிற பயலுக்கு என்னடா பயம்? எல்லாம் நடிப்பு" என்று அப்பா சொல்லிப் பார்த்தார், அடித்தும் பார்த்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர் பழுப்பு நிற பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். ஆரஞ்சு வாசனை அடிக்கிற ஏதோ ஒரு மருந்து. "தினம் ஒரு மூடி ஊத்துங்க. பெட்டிப் பாம்பா அடங்கிடுவான்."

அடங்கித்தான் போனான். ஆசிரியர்கள் மெச்சினார்கள். வகுப்புப் புகைப்படத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்தப் படத்தில்தான் கைகள் முழங்கால்மேல் இருக்கின்றன.

பிறகு கம்பவுண்டர் ஊரை விட்டுப் போனார். பாட்டில் காலியானது. வேறு யாரும் அதை எழுதித் தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிற மாதிரி, பையன் விழித்தான். சட்டைகள் எல்லாம் குட்டையாகியிருந்தன. வகுப்பு மாறியிருந்தது. ஒரு நாள் ரொட்டித் துண்டோடு கொல்லைப்பக்கம் போனவன், திரும்பி வந்து கேட்டான்: "அம்மா, நாய் எங்கே?"

அம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னடா கேக்குற? அது செத்துப் போய் எவ்வளவு நாளாச்சு! அப்பா குழி தோண்டினப்போ நீதானே பக்கத்துல நின்னே? ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல்லு மாதிரி நின்னியே."

அவன் காலடியில் படுத்துத் தூங்கிய நாய் அது. குழி தோண்டிய இடத்தில் புல் முளைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்று எவ்வளவோ தேடிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மண்வெட்டிச் சத்தமாவது, மண் வாசனையாவது, எதுவும் இல்லை. அப்படியானால் அன்றைக்கு அங்கே நின்றது யார்?

அந்தக் கேள்வியோடுதான் அவர் வளர்ந்தார், தொழில் கற்றார், பெற்றோர் இருவரையும் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்தார். பெண் பார்க்கலாம் என்று பேச்செடுத்தவர்களுக்குப் பிடி கொடுக்கவில்லை. அக்கா வீட்டின் பின்னறையில் தங்கிக்கொண்டார். அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் எந்திரப் பிரிவில் வேலை பார்க்கிறவர். வருஷத்தில் சில வாரங்கள்தான் வீட்டில் இருப்பார். அக்கா ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கிறவள். "நாள் முழுக்க ஊர்க்காரங்களுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்லிட்டு வரேன். வீட்டுக்கு வரும்போது ஸ்டாக் தீர்ந்துடுது" என்பாள்.

அந்தத் தீர்ந்துபோன பொறுமையைத் தேடி எடுத்துச் செலவழிக்க வைத்தவள் அவளுடைய மகள். எங்கும் உட்காராமல் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்ததால் மாமா அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தார். ஒரு காலில் ஷூ போட்டுவிட்டு, இன்னொன்றைத் தேடப் போன இடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பிறகு காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. "அம்மா பஸ்ல வரும்போது பஸ் கவுந்துட்டா?" என்று கேட்டாள். மாமா வேலைவிட்டு வந்ததும் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள், எங்காவது வெட்டியிருக்கிறதா என்று.

ஒரு நாள், சமையலறை விளக்கை அணைக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி எரியும்ல மாமா?" என்று கேட்டாள்.

அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் அவளுக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

பள்ளியிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். அக்கா அவளைக் குழந்தைகள் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாமாவையும் கூப்பிட்டாள். கடையில் அவசர வேலை என்று தட்டிக்கழித்துவிட்டார். அக்கா திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "ரெண்டு விஷயமாம்டா. கவனம் நிக்காதது ஒண்ணு, பயம் ஒண்ணு. ரெண்டும் கைகோத்துக்கிட்டு இருக்காம். முதல்ல கவனத்துக்கு காலையில ஒரு மாத்திரை, கொஞ்சமா ஆரம்பிக்கலாம்ங்கிறாங்க. சில பேருக்கு அதுலயே பயமும் குறையுமாம், சில பேருக்குக் கூடுமாம். பாத்துப் பாத்துத்தான் மாத்தணுமாம். பயத்துக்குப் பேசிப் பேசிப் பழக்குறதும் உண்டாம்."

"மாத்திரையா?" என்றார்.

"ஏன்டா?"

"ஒண்ணுமில்ல."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பழுப்பு பாட்டிலை அவளும்தான் பார்த்தவள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

மாத்திரை வேலை செய்தது. கொசு வீட்டுப்பாடத்தை முடித்தாள். ஆனால் சாப்பாடு குறைந்தது. பயம் குறையவில்லை. "முன்னே பயத்தைக்கூடப் பாதியில விட்டுட்டு ஓடுவா. இப்ப உக்காந்து முழுசா பயப்படுறா" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. சில வாரம் கழித்து டாக்டர் பயத்துக்கென்று இரண்டாவதாக ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார். இது மெதுவாகத்தான் பிடிக்கும், ஒரு நாளும் விடக்கூடாது, நிறுத்துவதானால் என்னிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், திடீரென்று எரிச்சலோ படபடப்போ தப்பான யோசனையோ வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாராம்.

அக்காவுக்கு அதிகாலை ஷிப்ட். காலையில் மாத்திரை கொடுப்பது மாமாவின் பொறுப்பானது.

முதல் சில நாட்கள் ஒழுங்காகக் கொடுத்தார். ஒரு காலை, சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொசு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பை தோளில். ஷூ இரண்டும் காலில். இரண்டு கையும் முழங்கால்மேல்.

"கிளம்பலாமா மாமா?" என்று அவள் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் கண்ணில் படவில்லை. அவளுக்குப் பின்னால் அலமாரிக் கதவில் பதித்த கண்ணாடியில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். முதல்முறையாக வீட்டுக்குள் வந்துவிட்டான்.

மறுநாள் மாத்திரைகளைப் பிரித்து எடுத்தவர், அவளிடம் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாமா, மாத்திரை?"

"இன்னைக்கு லீவு."

"டாக்டர் ஆன்ட்டி லீவு கிடையாதுன்னாங்களே?"

"மாமா சொன்னா கிடைக்கும்."

குழந்தைதானே, சந்தோஷமாக ஓடினாள். அதற்குப் பிறகு மனசு கேட்காமல் சில நாள் கொடுப்பார். நாற்காலியில் அவள் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அடுத்த நாள் நிறுத்திவிடுவார். கடைக்குப் போகும் வழியில் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுவார். தப்பு செய்கிறோம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் எந்தத் தப்பு பெரியது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அவளை அந்தக் குழிக்குப் பக்கத்தில் நிற்கவிடக் கூடாது. அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது.

கொசுவுக்குத் தலை சுற்றியது. ஒன்றுமில்லாததற்கு அழுதாள். அக்காவைப் பார்த்துக் கத்தினாள், பிறகு தான் கத்தியதற்காகப் பயந்து அழுதாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மருந்து சேரலையோ என்னவோ" என்று புலம்பினாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஒரு மதியம் பள்ளியிலிருந்து கடைக்கே போன் வந்தது. அக்காவை அழைத்தால் கிடைக்கவில்லை; குழந்தை உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், உடனே வாருங்கள் என்றார்கள். கட்டரைக் கையில் பிடித்தபடியே ஓடினார்.

கதவுக்கு வெளியே டீச்சரும் காவலாளியும் நின்றிருந்தார்கள். கதவை உடைத்துவிடலாம் என்றார் காவலாளி. "உடைக்காதீங்க, பயந்துடுவா" என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

"கொசு, நான்தான்."

உள்ளே விசும்பல். பிறகு, "மாமா, தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு."

"சரியாயிடும் செல்லம். கதவைத் திற."

"நான் கெட்ட பொண்ணா மாமா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நல்லா இருக்கிற நாள்ல எல்லாம் அடுத்த நாள் நீ மாத்திரை தர்றதில்ல. நான் நல்லா இருக்கக் கூடாதா?"

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நீ வெளிய வா. மாமா இனிமே அப்படிச் செய்ய மாட்டேன். சத்தியமா" என்று மட்டும் சொன்னார். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவள் முதல் காரியமாக அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். கட்டரை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் ரத்தம்.

வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் டாக்டர் வரச் சொன்னார். இந்தத் தடவை அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. நடுவயதுப் பெண்மணி, மேஜைமேல் காகிதங்களைவிடக் களிமண் பொம்மைகள் அதிகம். முதலில் கொசுவிடம் தனியாகப் பேசினார். பிறகு அவளை வெளியே நர்ஸோடு விளையாட விட்டுவிட்டு, இவர்கள் இருவரையும் கூப்பிட்டார். டீச்சர் அதை அவரே சொல்லட்டும் என்று விட்டிருந்தார். குழந்தையும் எதையும் சொல்லியிருக்கவில்லை. மாமாவைக் காட்டிக்கொடுக்கிறவள் இல்லை அவள்.

"இவ்வளவு நாள் கொடுத்தும் பயம் அப்படியே இருக்கு, கூடியும் இருக்கு. இப்ப கொடுக்கிற அளவு போதலையோன்னு தோணுது. ரெண்டாவது மாத்திரையோட அளவைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

"ஏத்தாதீங்க" என்றார் அவர்.

டாக்டர் நிமிர்ந்தார். அக்கா திரும்பினாள்.

"அவ ஒழுங்கா சாப்பிடவே இல்ல, மேடம். நான் கொடுக்கல. கொடுத்தேன், நடுவுல நடுவுல. பாதி நாள் கொடுக்கல."

ஒரு நாளைக்கு எத்தனையோ முறை, முகம் தெரியாதவர்களிடம், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்கிற அக்கா, தன் கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார்?" என்று டாக்டர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாட்டிலைப் பற்றிச் சொன்னார். நாயைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்குமா, மேடம்? பெரியவளானப்புறம், இந்த வருஷமெல்லாம் அவகிட்ட இருக்குமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தூங்க வைக்கிற ஏதோ ஒண்ணா இருந்திருக்கலாம். உங்களை உக்காரவைக்கணும்னு கொடுத்திருக்காங்க. இது அதுக்கு இல்ல சார். அவ நினைக்கிறதை அவளால செய்ய முடியணும், அதுக்குத்தான். அவ மந்தமாயிட்டா, சிரிக்காம இருந்தா, பொம்மை மாதிரி ஆயிட்டா, அது குணமில்ல. மருந்து தப்பு, இல்ல அளவு தப்பு. அன்னைக்கே நீங்க எனக்கு போன் பண்ணணும். இந்த வீட்ல அதை முதல்ல கண்டுபிடிக்கப் போறவர் நீங்கதான். ஆனா சொல்லாம நிறுத்தினா, நான் இருட்டுல கல் எறியற மாதிரிதான். இன்னைக்கு நீங்க வாயைத் திறக்கலேன்னா ஏத்தியிருப்பேன்."

பிறகு டாக்டர் வேறு குரலில் சொன்னார்: "உங்களையும் யாராவது பார்க்கணும். குழந்தைக்காகச் சொல்லல. உங்களுக்காக."

அக்கா மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். மாத்திரை இருக்கும் அலமாரிச் சாவி அவள் இடுப்பில். தம்பியோடு பேச்சு நின்றது. "உங்க மாமாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு" என்பாள், அவர் எதிரிலேயே. கொசு இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி. "மாமா, சாப்பாடு வெச்சாச்சாம். அம்மா முகம் இப்படி இருக்கு" என்று செய்துகாட்டுவாள். அப்போதும் அக்கா சிரிக்கவில்லை.

மருந்தைப் பழையபடி சின்ன அளவிலிருந்து ஆரம்பித்தார்கள். பசி மந்தமானதால் கவனத்துக்கான மாத்திரையை வேறொன்றாக மாற்றினார்கள். அது ஒத்துக்கொள்ள நாளானது. நடுவில் ஒரு தடவை கொசு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சோர்ந்து கிடந்தாள். மாமாதான் கவனித்தார். மாத்திரையைத் தொடவில்லை, டாக்டருக்குப் போன் செய்தார். அளவைக் குறைத்தார்கள். மூன்றாம் நாள் சோபாமேல் குதிக்கிற சத்தம் கேட்டபோது, கூடத்தில் நின்று அவர் முகத்தைப் பொத்திக்கொண்டதை அக்கா சமையலறையிலிருந்து பார்த்தாள்.

அன்றைக்கு அவளே தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "சாப்பிடு" என்றாள், நேராக.

கொசு முழுக்கச் சரியாகிவிடவில்லை. இன்றைக்கும் பேருந்து கவிழுமா என்று கேட்பாள். ஆனால் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு வாரமும் பேசிப் பழக்குகிற வகுப்புக்குப் போகிறாள். பள்ளிப் பிள்ளைகளோடு உயிரியல் பூங்காவுக்குப் போய் வந்து, ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு என்ன நிறம், யார் யாருக்கு வாந்தி வந்தது, யாருடைய தொப்பி பறந்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அக்கா கொட்டாவி விட்டாள். மாமா "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெரியவர்களைப் பார்க்கும் மனநல டாக்டரிடம் அவரை அக்காதான் இழுத்துப் போனாள். அவர் இரண்டு முறை வாசல்வரை தனியாகப் போய்த் திரும்பி வந்திருந்தார். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாட்டிலுக்கு முன்னால் வரை சொன்னார். அதற்குப் பிறகு நிறுத்திவிட்டார்.

"அது எனக்குத் தெரியாது. நான் இல்ல அப்போ" என்றார்.

"நான் இருந்தேன்" என்றாள் அக்கா.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தன் பாடங்களைச் சத்தமாகப் படிப்பாளாம். அவன் கண் சிமிட்டினால் கேட்கிறான் என்று எடுத்துக்கொள்வாளாம். ஒரு முறை அவள் வாசித்ததில் ஒரு வார்த்தை தடுக்கியபோது அவன் களுக்கென்று சிரித்தானாம், அதற்குப் பிறகு எத்தனையோ நாள் வேண்டுமென்றே தடுக்கிப் பார்த்தாளாம், அவன் சிரிக்கவில்லையாம். குழி தோண்டிய அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தானாம். அவன் கை சில்லென்று இருந்ததாம். வீட்டுக்குள் வந்தபிறகு அவள் கையை அவன் விடவே இல்லையாம், சாப்பிடும்போதுகூட.

எப்போதோ இறந்துபோன ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்கிற மாதிரி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு முறை, "அழுதானா?" என்று கேட்டார்.

"தெரியலடா. எனக்கும் சின்ன வயசு."

அந்த டாக்டரும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். யோசித்துப் போடுங்கள், அவசரமில்லை என்றார். பேசுவதற்கு மட்டும் அவர் தவறாமல் போகிறார். மாத்திரை அட்டை பிரிக்காமல் பின்னறை அலமாரியில் இருக்கிறது. சில காலைகளில் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், திரும்ப வைத்துவிடுவார்.

"நீ என்ன, போடுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிற?" என்று ஒரு நாள் அக்காவிடம் கேட்டார்.

"சொல்ல மாட்டேன். உன்னைக் கேக்காம உன் வாயில யாரும் எதையும் ஊத்தக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"எப்போ?"

"பாட்டில் தீர்ந்து நீ முழிச்சப்போ" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.